பனிக்கால வேட்டை: ஓநாயா, பனிச்சிறுத்தையா?

வேட்டையைக் கண்ணால் பார்த்தே தீரவேண்டும் என்றால் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குப் போங்கள். 1995இல் மீண்டும் கொண்டுவந்து விடப்பட்ட ஓநாய்களின் வழித்தோன்றல்கள் லமார் பள்ளத்தாக்கில் கூட்டமாக எல்க் மான்களைத் துரத்துகின்றன. வெண்பனியில் கறுப்பு ஓநாய் தொலைவிலேயே தெரியும். பூங்காவின் வடக்குச் சாலை குளிர்காலத்திலும் கார்களுக்குத் திறந்திருக்கும். நல்ல தொலைநோக்கி வேண்டும். விடியலில் எழச் சோம்பல்படக் கூடாது.

லடாக்கின் ஹெமிஸ் தேசியப் பூங்கா வேறு கதை. நீல ஆடுகளைப் பின்தொடர்ந்து பனிச்சிறுத்தை குளிர்காலத்தில் கீழே இறங்கும் என்பது உண்மைதான். ஆனால் அது தனியே, பாறையோடு பாறையாகப் பதுங்கும் விலங்கு. 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லே நகரில் உடலைப் பழக்கிக்கொண்டு, ரும்பக் கிராமத்துப் பக்கம் உறைகுளிரில் நாள்கணக்கில் காத்திருந்தாலும் பெரும்பாலும் கிடைப்பது தூங்கும் சிறுத்தையின் வால்தான்; பாய்ச்சலைப் பார்ப்பவர் அரிது. ஆனாலும் விசாவும் விமானச் செலவும் கணக்கில் வந்தால், ரும்பக் வீடுகளில் தங்குவதே நம் கைக்கு எட்டும்.