கிழங்கு பிகோனியா: யாழ்ப்பாணத்தில் விதையா, கிழங்கா?

மண்ணுக்கடியில் கிழங்கு கட்டுகிற பூச்செடியான கிழங்கு பிகோனியா யாழ்ப்பாணத்தில் வராது என்று முடிவுகட்டியவர்கள் நிறையப் பேர். வரும். மார்கழி கடைசியில் தொடங்கிப் பங்குனி நடுப்பகுதி வரை, வெயில் படாத வடக்குப் பார்த்த விறாந்தையில் அதைப் பூக்க வைக்கலாம். வெளிநாட்டுப் படங்களில் காண்கிற சாப்பாட்டுக் கோப்பை அளவுப் பூவை இங்கே எதிர்பார்க்கக் கூடாது. உள்ளங்கைக்குள் அடங்குகிற, ரோசா போல அடுக்கடுக்கான பூ கிடைக்கும். அதுவே கொள்ளை வடிவு.

கேள்வி, எதிலிருந்து தொடங்குவது என்பதுதான். காய்ந்த கிழங்கை வாங்கி நடலாம். அல்லது விதை போட்டு நாற்றிலிருந்து வளர்க்கலாம். இரண்டையும் செய்து பார்த்துவிட்டு நான் விதைப் பக்கம் வந்துவிட்டேன். ஆகவே இந்த அலசலும் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

நிழல், நீர் தேங்காத கலவை, சாடிக்கு அடியில் துளை, இலையில் தண்ணீர் படாமல் ஊற்றுவது எல்லாம் இரண்டுக்கும் பொது. எந்தப் பிகோனியாவுக்கும் அதுதான் என்பதால் அதில் நேரம் போக்கவில்லை.

கிழங்கின் நல்ல பக்கத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நிறத்தைப் பார்த்துத் தெரிந்தெடுக்கலாம். குழிந்த பக்கம் மேலே இருக்கும்படி, ஈரமான தும்புச்சோற்றில் பாதி புதைத்து வைத்தால், அழுகாத வரை, சில கிழமைகளில் இளஞ்சிவப்பு முளை எட்டிப் பார்க்கும். ஐப்பசியில் வைத்த கிழங்கு தையில் பூக்கும். விதையோ, போட்டதிலிருந்து பூக்க ஐந்து ஆறு மாதம் எடுக்கும். முதல் வருடப் பூவும் கிழங்குச் செடியில்தான் பெரிது. அவசரக்காரருக்கும் ஒரே நிறத்தில் நாலு சாடி வரிசையாக வைக்க நினைப்பவருக்கும் கிழங்கு நல்ல தெரிவு. இதில் எனக்கு மறுப்பில்லை.

ஆனால் கிழங்குக்குக் கொடுக்கிற காசு ஒரு வருடப் பூவுக்கான காசு அல்ல. அது வருடா வருடம் பருத்து, கூடுதல் தண்டு விட்டு, கூடுதல் பூத் தரும் என்பதற்காகத்தான் அந்த விலை. குளிர் நாடுகளில் ஒரே கிழங்கைப் பல வருடம் வைத்திருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் அந்தக் கணக்கு உடைந்து போகிறது. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், என் தெரிவு முழுவதும் இதில்தான் நிற்கிறது.

இந்தச் செடியின் முன்னோர்கள் பொலிவியா, பெரு நாடுகளின் அந்தீஸ் மலைச் சரிவுகளைச் சேர்ந்தவை. 1860களில் ரிச்சர்ட் பியர்ஸ் என்பவர் இங்கிலாந்தின் வெய்ச் நாற்றுப் பண்ணைக்காக அங்கேயிருந்து சேகரித்து அனுப்பிய செடிகளில்தான் இன்றைய கலப்பினங்களின் வேர் இருக்கிறது. முதல் கலப்பினம் 1870இல் வெளிவந்தது. அந்த மலையில் பகல் மிதமான சூடு, இரவு நல்ல குளிர். மழை பெய்கிற கோடையில் பகல் 13 மணி நேரத்தைத் தொடும். அப்போது செடி வளர்ந்து பூக்கும். பகல் சுருங்கியதும் வளர்ச்சியை நிறுத்திவிட்டு, சத்தையெல்லாம் கிழங்குக்குள் இறக்கித் தூங்கிவிடும்.

யாழ்ப்பாணத்தில் ஆனி மாதத்து மிக நீண்ட பகலே 12 மணி 40 நிமிடத்துக்குக் கிட்டத்தான். மார்கழியில் பதினொன்றரை மணி. ஆக, நமக்கு ஓரளவு குளிர் கிடைக்கிற அதே மாதங்களில் பகல் மிகக் குறுகி, செடிக்குத் 'தூங்கு' என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. மின்விளக்கால் பகலை 14 மணி நேரமாக நீட்டினால் அதைத் தடுக்கலாம். கிழங்கோ விதையோ, இந்த விளக்கு வேலையிலிருந்து தப்ப வழியில்லை.

விளக்கு வைத்துப் பூக்க வைத்தாயிற்று என்று வையுங்கள். சித்திரை வெயில் வருகிறது. மொட்டு கொட்டும், இலை மஞ்சளாகும், தண்டு கணுக் கணுவாகக் கழன்று விழும். கிழங்கு ஓய்வுக்குப் போகிறது. அந்த ஓய்வுக்குக் காய்ந்த, குளிர்ந்த இடம் வேண்டும். 10 பாகை செல்சியஸ் அளவு, உறைபனி மட்டும் கூடாது. ரொறன்ரோவில் இருக்கிற மச்சாள் தன் கிழங்குகளைக் கடதாசிப் பைக்குள் போட்டு நிலத்துக்குக் கீழுள்ள அறையில் வைத்துவிடுகிறா. வசந்தத்தில் எடுத்து நடுகிறா, அவ்வளவுதான். "உங்கட வீட்டில கீழ் அறை இருக்கு மச்சாள், எங்கட வீட்டில நான் எங்க வைக்கிறது?" என்று கேட்டேன். அவவிடம் பதில் இல்லை.

நம் வீட்டின் மிகக் குளிர்ந்த மூலையிலும் சித்திரை வைகாசியில் 30 பாகையைச் சுற்றித்தான் இருக்கும். அந்தச் சூட்டில் ஈரம் கொஞ்சம் இருந்தால் கிழங்கு அழுகும். ஈரமே இல்லாவிட்டால் சுருங்கித் தக்கையாகும். சாடி மண்ணோடு விட்டால் வெண்மூட்டுப் பூச்சி தேடி வரும். குளிர்சாதனப் பெட்டியின் மரக்கறித் தட்டில் மரத்தூளுக்குள் வைப்பது ஒரு வழி. என் கிழங்குகளில் அப்படித் தப்பியவை உண்டு, ஆனால் மறு வருடம் வந்த முளை மெலிந்ததாகத்தான் இருந்தது. நான் இப்படி வைத்தவை கொஞ்சம்தான் என்பதால் இதை முடிந்த முடிவாகச் சொல்லமாட்டேன். ஆனால் மின்வெட்டையும் கதவு அடிக்கடி திறபடுவதையும் தாங்கி ஒரு கிழங்கு மாதக்கணக்கில் அங்கே கிடக்க வேண்டும் என்பதை யோசித்துப் பாருங்கள். கடைசியில், பல வருடத்துக்கென்று விலை கொடுத்த கிழங்கு இங்கே ஒரு பருவச் செடியாகவே முடிகிறது.

ஒரு பருவச் செடிதான் என்றால் விதை மலிவு. ஒரு பக்கற்றில் கிடைக்கிற நாற்றுகளில் பாதி போனாலும் விறாந்தை நிறையும். வருடம் முடிந்ததும் கிழங்கைக் காப்பாற்றுகிற கவலை இல்லை. அடுத்த ஆவணியில் புதிதாய்த் தொடங்கலாம்.

இனி விதைக்கு வருகிறேன். நல்லூர்த் திருவிழா நடக்கிற ஆவணிப் பக்கம் போட்டால் தை கடைசியில், மாசியில் பூப் பார்க்கலாம். விதை தூசி மாதிரி. ஒரு கிராமுக்குள் 50,000க்கு மேல் அடங்கும். மூச்சு விட்டாலே பறந்துவிடும் என்பதால் இப்போது பெரும்பாலும் களிப்பூச்சுப் பூசிய குருணையாக விற்கிறார்கள். கடுகிலும் சிறிய அந்தக் குருணையை ஈர்க்கு நுனியைத் தண்ணீரில் தொட்டு ஒவ்வொன்றாக எடுத்து வைக்கலாம். மேலே மண் போடவே கூடாது, முளைக்க வெளிச்சம் வேண்டும். குருணை வைத்ததும் நீர் தெளித்து, மேற்பூச்சு வெடித்துக் கரைகிறதா என்று பார்க்க வேண்டும். கரையாத குருணைக்குள் விதை சிறைப்பட்டு நின்றுவிடும்.

கலவை, சலித்த தும்புச்சோறு. உப்புப் போகக் கழுவி, கொதிநீர் ஊற்றி ஆறவிட்டது. முற்றத்துச் சிவப்பு மண்ணைக் கொஞ்சமும் சேர்க்க வேண்டாம், எருவும் வேண்டாம். நாற்றழுகல் அதிலிருந்துதான் வரும். மூடியுள்ள கண்ணாடி மாதிரியான கேக் பெட்டி போதும். முளைக்க 21 முதல் 24 பாகை நல்லது. ஆவணியில் அது யாழ்ப்பாணத்தில் கிடைக்காது. குளிரூட்டி உள்ள அறை இருந்தால் இரவில் அங்கே வையுங்கள். இல்லாவிட்டால் ஓட்டு வீட்டின் நடு அறையில், வெறும் சீமெந்துத் தரையில். பக்கற்றில் எழுதியிருக்கிற அளவுக்கு முளைப்பு வராது, ஆனால் தேவைக்கு வரும்.

இரண்டு மூன்று கிழமையில் பச்சைப் புள்ளிகள் தெரியும். முதல் இரண்டு வித்திலையும் குண்டூசித் தலையளவு வட்டம், எந்தக் களையின் நாற்று என்றும் சொல்லலாம். பிறகு வருகிற முதல் இலைதான் ஆளைக் காட்டிக்கொடுக்கும்: நடு நரம்பின் ஒரு பக்கம் பெருத்து, மறு பக்கம் ஒடுங்கி, ஓரத்தில் நுண்ணிய மயிர் பளபளக்க, கோணலாய் நிற்கும். அந்தக் கோணலைக் கண்டதும் வருகிற சந்தோசம் கடையில் வாங்கிய கிழங்கு முளைக்கும்போது வருவதில்லை, எனக்கு.

விளக்கு விசயத்திலும் விதைக்கு ஒரு வசதி இருக்கிறது. நாற்றுகள் முதல் இரண்டு மூன்று மாதம் சின்னஞ்சிறியவை. ஒரு ரியூப் லைற்றுக்குக் கீழே முழுப் பெட்டியும் அடங்கிவிடும். 20 வாற் எல்.ஈ.டி. ரியூப்பை ஒரு சாண் உயரத்தில் தொங்கவிட்டு, ரைமரில் 14 மணி நேரம் எரியவிட்டால் மாதத்துக்கு எட்டரை யூனிற்றுக்குள் முடியும். விளக்கில்லாமல் வளர்க்கப் பார்த்தால் நாற்று ஓர் அங்குலத்தில் நின்று, அடியில் பட்டாணி அளவு கிழங்கைக் கட்டிக்கொண்டு தூங்கிவிடும். வளர்ந்து விறாந்தைக்குப் போன பிறகு, பொழுதுபட்டதிலிருந்து இரண்டரை மணி நேரம் ஒரு சாதாரணக் குமிழ் எரிந்தாலே போதும். அந்த வெளிச்சம் வளர்ப்பதற்கல்ல, பகல் முடியவில்லை என்று காட்டுவதற்கு.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் கிணறுகள் சுண்ணாம்புக் கல்லைத் தோண்டியவை. கேத்தில் அடியில் படிகிற வெள்ளைப் படைதான் சாடி மண்ணிலும் படியும். பிகோனியா சற்றுப் புளிப்பான மண்ணைக் கேட்பது. கிணற்று நீரே குடித்த நாற்று வெளிறி நிற்கும். மழைநீர் பிடித்து வையுங்கள். ஐப்பசி கார்த்திகையில் வானம் தாராளமாகத் தரும். ஆவணி புரட்டாதிக்குத்தான் முந்தைய மாரியில் சேமித்தது வேண்டும். நாற்றுப் பெட்டிக்கு ஒரு நாளைக்கு ஒரு சிரட்டைத் தண்ணீர்கூடச் செல்லாது என்பதால் இரண்டு கொள்கலன் நிறைய இருந்தால் சமாளிக்கலாம். பெட்டியைத் தட்டில் வைத்து அடியிலிருந்தே உறிஞ்ச விடுங்கள்.

விதையின் குறைகளையும் மறைக்கவில்லை. கலப்பு நிறப் பக்கற் என்றால் எந்த நாற்று என்ன நிறம் என்று பூக்கும் வரை தெரியாது. நாற்றழுகல் ஒரே இரவில் ஒரு மூலையைச் சாய்த்துவிடும். மூடியைத் தினமும் கொஞ்ச நேரம் திறந்து காற்றுவிடுவதுதான் காவல். ஆவணி முதல் தை வரை ஒரு நாளும் மறக்காத கண் வேண்டும். இன்னொன்று, உங்கள் செடியிலிருந்தே விதை எடுத்து அடுத்த வருடம் போடலாம் என்று எண்ண வேண்டாம். அடுக்குப் பூ ஆண் பூ. இரு பக்கமும் நிற்கிற, பின்னால் மூன்று சிறகுள்ள ஒற்றைப் பூக்கள்தான் பெண். கலப்பின விதையில் வந்த செடியின் பிள்ளை தாய் போல வராது. பெண் பூக்களைக் கிள்ளிவிட்டால் அடுக்குப் பூ நின்று பிடிக்கும்.

வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவருவார்கள் என்று இருப்பவர்களுக்கு: 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி கிழங்கானாலும் விதையானாலும் அனுமதியில்லாமல் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவர முடியாது. மண் ஒட்டிய கிழங்கு இன்னும் மோசம். அனுமதி பெற்று இறக்குகிறவர்களிடம் வாங்குவதே நல்லது.

எந்த விதை? ஜேர்மனியின் பெனரி நிறுவனம் விற்கிற நான்ஸ்டாப் வரிசைதான் நான் வளர்ப்பது. செடி கட்டையாக, அடர்த்தியாக வரும். அதே நிறுவனத்தின் சாண்டா குரூஸ் சன்செட், பொலிவியா இனத்திலிருந்து வந்த தொங்கு வகை, செம்மஞ்சள் ஒற்றைப் பூ. அடுக்கு வகைகளைவிட வெயிலைத் தாங்கும் என்று பெயரெடுத்தது. இதுவும் விதையாகவே விற்கப்படுவது. நான் இன்னும் போட்டதில்லை, வரும் ஆவணிக்கு நினைத்திருக்கிறேன்.

இவ்வளவு கரைச்சல் வேண்டாம், பிகோனியா பூத்தால் சரி என்பவருக்கு மெழுகு பிகோனியா இருக்கிறது. தண்டை ஒடித்து வைத்தால் வரும், பகல் நீளத்தைக் கணக்குப் பார்க்காது, ஓய்வும் கேட்காது. பூ சிறிது, அவ்வளவுதான்.

நுவரெலியாவில் இருந்து இதை வாசிப்பவர் என் தீர்ப்பைத் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம், வருடச் சராசரி 16 பாகை அளவு. அங்கே ஓய்வெடுக்கிற கிழங்கு ஒரு சாதாரண அறைத் தட்டிலேயே கிடக்கும். மாலை விளக்கு அங்கேயும் வேண்டும், ஆனால் கிழங்கு வாங்கிய காசு வருடா வருடம் திரும்பி வரும்.