ஏலத்தில் பழைய ஒயின் எடுக்குமுன் பாட்டிலின் தோளைப் பாருங்கள்

லண்டனில் ஓர் ஏல நிறுவனத்திடம் பழைய ஒயின் வாங்கி 600 பவுண்டுக்கு மேல் இழந்திருக்கிறேன். இதே யோசனையில் இருப்பவர்கள் பணம் கட்டுமுன் இதைப் படித்துவிடுங்கள்.

என் மனைவி பிறந்தது 1982-இல். பிரான்சின் போர்தோ பகுதி ஒயினுக்கு அது பேர்போன ஆண்டு. அவளுடைய நாற்பதாவது பிறந்தநாளுக்கு அந்த வருடத்து ஒயினைத் திறக்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை. கடை விலை கட்டுப்படியாகவில்லை. ஏலப் பட்டியலில் போர்தோவின் சென்-ஜூலியன் ஊர் ஒயின், அதே 1982, ஆறு பாட்டில் ஒரே லாட்டாக (சேர்த்து விற்கும் தொகுப்பாக) வந்தது. படத்தில் லேபிள் பளிச்சென்று இருந்தது. ஆன்லைனில் 480 பவுண்டுக்கு எடுத்தேன்.

பில்லைப் பார்த்தபோது முதல் அதிர்ச்சி. வாங்குபவர் கமிஷன் 25 சதவீதம், அதாவது 120 பவுண்டு. அந்தக் கமிஷனுக்கு 20 சதவீதம் வாட் வரி, இன்னொரு 24. ஆக 624, டெலிவரி தனி. சரி, இது விதிமுறையில் இருந்தது, நான்தான் கூட்டிப் பார்க்கவில்லை. இதில் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

குறை சொல்வது பாட்டில்களைப் பற்றி. பெட்டியைப் பிரித்தால், படத்தில் பார்த்த ஒன்றில் மட்டும் ஒயின் கழுத்து வரை நிற்கிறது. மற்ற ஐந்திலும் பாதித் தோளுக்கு, அதாவது கழுத்து விரிந்து உடலோடு சேரும் வளைவின் நடுவுக்கு, இறங்கிவிட்டது, ஒன்றில் அதற்கும் கீழே. நாற்பது வருடத்தில் மட்டம் கொஞ்சம் குறைவது இயல்புதான். கழுத்தின் அடி வரை, ஏன், தோளின் மேல்பக்கம் வரைகூட வந்திருந்தாலும் பயமில்லை. பாதித் தோள் என்றால் பெரும்பாலும் கார்க் தளர்ந்து காற்று புகுந்திருக்கும், அல்லது பாட்டில் சூடான இடத்தில் கிடந்திருக்கும். (பிரான்சின் இன்னொரு ஒயின் பகுதியான பர்கண்டியின் பாட்டிலுக்கு இப்படித் தோள் இருக்காது, கார்க்கிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் கீழே என்று கேட்க வேண்டும்.) பட்டியலில் "மட்டம் மாறுபடும்" என்று ஒரே வரி. ஆறில் நல்லதாகப் பார்த்து ஒன்றைப் படம் பிடித்துவிட்டு ஐந்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. எனக்கு இது ஏமாற்று வேலைதான்.

பிறந்தநாள் அன்று முதல் பாட்டிலின் வாயை மூடியிருந்த ஈயத்தகட்டை உரித்தேன். அடியில் கறுப்பாகப் பிசுபிசுவென்று ஒட்டியிருந்தது. ஒயின் எப்போதோ கசிந்து காய்ந்திருக்கிறது. கார்க் எடுக்கும் திருகியை இறக்கியதும் கார்க் பாதி உதிர்ந்து உள்ளே விழுந்தது. ஊற்றினால் ஆறிப்போன டிகாஷன் நிறம், காடி நெடி. மனைவி ஒரு வாய் வைத்துவிட்டு, "பரவாயில்லைங்க, நாற்பது வருஷம் ஆச்சு இல்ல" என்றாள். அடுத்த இரண்டும் அப்படியே. கடைசியில் படத்தில் இருந்த அந்தப் பாட்டிலைத் திறந்தோம். சீவிய பென்சில் மர வாசனை, புகையிலை, அடியில் இன்னும் கொஞ்சம் பழ ருசி. அதைக் குடித்த பிறகுதான் மற்றவற்றில் எதை இழந்தோம் என்று புரிந்தது.

புகார் எழுதினேன். ஏலப் பொருள் உள்ளது உள்ளபடி விற்கப்படுகிறது என்று பதில். ஆன்லைனில் வாங்கியதை 14 நாளில் திருப்பும் உரிமை பிரிட்டனில் பொது ஏலத்துக்குக் கிடையாது.

என்னுடையவை போலி இல்லை, கார்க்கில் ஊரும் ஆண்டும் பொறித்திருந்தது. ஆனால் போலியும் இந்தச் சந்தையில் புழங்குகிறது. 2008-இல் நியூயார்க் ஏலம் ஒன்றுக்கு ரூடி குர்னியாவான் என்ற ஒயின் வியாபாரி கொடுத்த பாட்டில்களில், பர்கண்டியின் போன்ஸோ பண்ணை தயாரித்ததாகச் சொல்லி 1945 முதல் 1971 வரையிலான க்ளோ சென்-தெனி என்ற ஒயின் இருந்தது. அந்தப் பண்ணை க்ளோ சென்-தெனி தயாரிக்கத் தொடங்கியதே 1982-இல் என்று பண்ணையை நடத்திய லோரான் போன்ஸோ சொல்லி அவற்றை விலக்க வைத்தார். 2012-இல் குர்னியாவான் கைதானபோது அவர் வீட்டில் லேபிள்களும் கார்க்குகளும் குவிந்து கிடந்தன. 2014-இல் 10 வருடச் சிறை. அவரிடம் ஏமாந்தவர்கள் வருடக்கணக்காக ஒயின் சேர்த்தவர்கள்.

ஆகவே ஏலத்துக்கு முன்பே மின்னஞ்சல் போடுங்கள். யாரிடம் இருந்தது, எத்தனை வருடம், எந்தக் கிடங்கில்? ஒவ்வொரு பாட்டிலையும் வெளிச்சத்துக்கு எதிரே நிறுத்தி மட்டம் தெரியும்படி படம் கேளுங்கள். கார்க் உள்ளே போயிருக்கிறதா, மேலே தள்ளியிருக்கிறதா என்றும் கேளுங்கள். மழுப்பினால் விட்டுவிடுங்கள்.

மீதி இரண்டு பாட்டிலையும் நான் திறக்கவில்லை. ஆறையும் வந்த அன்றே வரிசையாக நிறுத்திப் படம் எடுத்திருக்கிறேன். ஏலம் எடுக்கப் போகிறவர்கள் கேட்டால் அனுப்புகிறேன்.