மாயாவிக்கு 14 சீட்டு: புதுச்சேரியில் அச்சடித்த எங்கள் கட்டு

நேரு வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில், கல்யாணப் பத்திரிகையும் விசிட்டிங் கார்டும் அடிக்கிற சின்ன டிஜிட்டல் பிரிண்டிங் கடை அது. கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து பஸ் ஏறி மூன்று சனிக்கிழமை போய் வந்து, நானும் தம்பியும் ஒரு காமிக்ஸ் சீட்டு விளையாட்டுக்காகச் சொந்தமாக வடிவமைத்த 72 சீட்டை அங்கே அடித்து வாங்கியிருக்கிறோம். இப்போது கையில் இருக்கும் கட்டு அருமை. முதல் தடவை கொடுத்தது அப்படி இல்லை.

எங்கள் வீட்டில் அப்பர் டெக் நிறுவனம் 2012-ல் வெளியிட்ட லெஜண்டரி என்ற மார்வெல் சீட்டு விளையாட்டு இருக்கிறது. அதில் ஒரு ஹீரோவுக்கு 14 சீட்டு, ஆனால் வகை நாலுதான்: சாதாரணச் சீட்டு இரண்டு வகை, ஐந்தைந்து, கொஞ்சம் அரியது மூன்று, மிக அரியது ஒன்றே ஒன்று. ஒருவருடைய கதை முழுவதும் இந்த நாலுக்குள் அடங்க வேண்டும். இதோடு சேர்த்து ஆட நாமே ஹீரோக்களைச் செய்யலாம் என்று நினைத்தபோது, எங்களுக்கு முதலில் ஞாபகம் வந்தது காமிக்ஸ் நாயகன் இரும்புக்கை மாயாவி. 1962-ல் இங்கிலாந்தின் வேலியண்ட் இதழில் தொடங்கிய கதை, 1972-ல் முத்து காமிக்ஸ் ஆரம்பமானதே அவரை வைத்துத்தான், அப்பா பள்ளிக்கூடப் பையில் ஒளித்து வைத்துப் படித்த ஆள்.

மாயாவிக்கு மின்சாரம் பாய்ந்தால்தான் உடம்பு மறையும், அப்போதும் அந்த இரும்புக் கை மட்டும் தெரியும். லெஜண்டரியில் ஒரு சீட்டின் சிறப்புச் சக்தி வேலை செய்ய வேண்டுமென்றால், அதே முறையில் அதற்கு முன்பே குறிப்பிட்ட வகைச் சீட்டு ஒன்றை இறக்கியிருக்க வேண்டும். இதை எழுதி வைத்துப் பார்த்தபோது எங்களுக்குச் சிலிர்த்துவிட்டது, கதையின் விதியும் ஆட்டத்தின் விதியும் ஒன்றாகவே இருந்தன. 'மின் அதிர்ச்சி' சீட்டைத் தொழில்நுட்ப வகையில் போட்டோம். அதை முதலில் இறக்கினால்தான் 'மறைவு' சீட்டின் சக்தி திறக்கும், உங்களுக்கு வரும் காயத்திலிருந்து தப்பலாம். ஆனால் கை தெரியுமே? அதனால் மறைந்திருக்கும்போது கையிலுள்ள ஒரு சீட்டை எல்லாருக்கும் தெரியும்படி வைக்க வேண்டும் என்று தம்பி சேர்த்தான். இந்த ஒரு வரிதான் அவரை வேறு எந்த மறையும் ஹீரோவிடமிருந்தும் பிரிக்கிறது. பலம், எண் எல்லாம் அப்புறம் கூட மாற்றிக்கொள்ளலாம், கதையில் அந்த ஆளுக்கு மட்டுமே உள்ளது எது என்பதை முதலில் பிடித்துவிட வேண்டும்.

இப்படி மொத்தம் ஐந்து ஹீரோக்கள் செய்தோம். மீதி நாலு பேரில், தமிழில் வந்த பழைய பிரிட்டிஷ் காமிக்ஸ் நாயகர்களான ஸ்பைடரும் ரோபோ ஆர்ச்சியும் உண்டு, மற்ற இருவர் எங்கள் கற்பனை. ஐந்து பேருக்கு 70 சீட்டு. 12க்கு 18 அங்குலத் தாளில், 63க்கு 88 மில்லிமீட்டர் சீட்டைச் சுற்றி 3 மில்லிமீட்டர் பிளீட் (வெட்டும்போது போய்விடும் கூடுதல் ஓரம்) விட்டால் 18 உட்காரும், அப்படியானால் நாலு தாளில் 72. மிஞ்சிய இரண்டு இடத்தில் இரண்டு சதித்திட்டச் சீட்டு (அந்த ஆட்டத்தில் வில்லன் என்ன செய்யப் பார்க்கிறான் என்று சொல்லும் சீட்டு) போட்டோம். ஒன்று, மாயாவி திருடனாக இருந்த ஆரம்ப காலக் கதை.

சரி, கடைக்கு வருகிறேன். முதல் தடவை 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கனமுள்ள ஆர்ட் போர்டில் அடித்து, முன்பக்கம் மட்டும் லேமினேஷன் போட்டுக் கொடுத்தார்கள். இரண்டு நாளில் எல்லாச் சீட்டும் வாழைமட்டை மாதிரி வளைந்துவிட்டன. ஒரு பக்கம் பிளாஸ்டிக், மறுபக்கம் வெறும் காகிதம். கடற்கரை ஊரின் ஈரத்தைக் காகிதப் பக்கம் மட்டும் இழுத்துக்கொள்ளும், வளையாமல் என்ன செய்யும்? இன்னொன்று எழுத்து. கடைக் கம்ப்யூட்டரில் திறந்ததும் 'கொள்ளை' என்ற சொல்லில் கொம்பும் காலும் எழுத்தை விட்டுத் தள்ளிப் போய் நின்றன, கவனிக்காமல் அப்படியே அடித்துவிட்டார்கள். இதற்கும் பணம் வாங்கியது எனக்குச் சரியாகப் படவில்லை, அதைக் கவுண்டரிலேயே சொன்னேன்.

ஆனால் உள்ளே கட்டிங் மெஷினில் நிற்கும் அண்ணன் இருக்கிறாரே, அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். இரண்டாம் வாரம் எங்களை உள்ளே கூப்பிட்டு, "தம்பி, எழுத்தையெல்லாம் கர்வ்ஸ் பண்ணி பிடிஎஃப்பா கொண்டாங்க, ரெண்டு பக்கமும் மேட் லேமினேஷன் போட்டுக்கலாம்" என்றார். கர்வ்ஸ் என்றால் எழுத்தை ஃபாண்ட் தேவைப்படாத கோட்டு வடிவமாக மாற்றுவது. மூன்றாம் வாரம் அடித்த தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, முன்பக்கமும் பின்பக்கமும் ஒன்றரை மில்லிமீட்டர் விலகியிருப்பதைக் காட்டி, அந்த ஒரு தாளைத் தானாகவே மறுபடி அடிக்கச் சொன்னார். வெட்டி, மூலையை உருட்டிய பிறகு கட்டைக் கையில் எடுத்து நாலு தடவை கலைத்துப் பார்த்தார், ஒட்டிக்கொண்ட இரண்டு சீட்டின் ஓரத்தைத் துணியால் துடைத்துவிட்டுத்தான் கொடுத்தார்.

கடைசியாக அடித்ததற்கு ஆன செலவு 500 ரூபாய்: தாள் 180, லேமினேஷன் 120, வெட்டுக்கூலி 200. குறை என்றால் நிறம். திரையில் பளிச்சென்று இருந்த ஊதா, அச்சில் கொஞ்சம் மங்கல், அதற்குக் கடையைச் சொல்ல முடியாது. பின்பக்க நிறமும் ஒரிஜினல் சீட்டோடு அச்சு அசலாகப் பொருந்தாது, கலந்து ஆட வேண்டுமென்றால் பின்புறம் தெரியாத ஸ்லீவில் (சீட்டைப் போட்டு வைக்கும் பிளாஸ்டிக் உறை) எல்லாவற்றையும் போட்டுவிடுங்கள்.

போகிறவர்கள் மாலையில் போகாதீர்கள், முகூர்த்த மாதத்தில் போகவே போகாதீர்கள். காலை பத்தரைக்குப் போய், என்ன வேண்டும் என்பதைக் கவுண்டரில் சொல்லாமல் அந்த அண்ணனிடமே நேராகச் சொல்லுங்கள்.