பழைய ஈசிஎம் மாட்டி ரெண்டு மழைக்காலம் ஆச்சு

தாராபுரத்தில் இருக்கும் தங்கச்சி வீட்டு மாப்பிள்ளை போன வாரம் போன் பண்ணியிருந்தார். அவரிடமும் என்னுடையது மாதிரியே பழைய பெட்ரோல் கார். செல்ஃப் சுத்துதாம், வண்டி எடுக்க மாட்டேங்குதாம். பார்த்த மெக்கானிக் அரை மணி நேரத்தில் "ஈசிஎம் போயிருச்சுங்க, பழசு ஒண்ணு புடிச்சு மாட்டிக்கலாம்" என்று சொல்லிவிட்டாராம். ஈசிஎம் என்பது என்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர் பெட்டி. "மச்சா, நீங்க பழசு மாட்டித்தானே ஓட்டறீங்க, நம்பி வாங்கலாமுங்களா?" என்று கேட்டார். போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியையும் சேர்த்து எழுதிவிடுகிறேன், இன்னும் நாலு பேருக்கு உதவும்.

நல்லதை முதலில் சொல்லிவிட வேண்டும். என் 2006 மாடல் வண்டியில் இந்தப் பெட்டி ஏறி ரெண்டு ஐப்பசி மழை தாண்டிவிட்டது. ஒரு நாள் கூட வழியில் நின்றதில்லை. மார்கழிக் காலையிலும் சாவியைத் திருப்பியதும் எடுத்துக்கொள்கிறது. பல்லடம் தாண்டி குண்டடம் பக்கம் காற்றாலைகளுக்கு நடுவே எதிர்காற்றில் மிதித்தாலும் திணறல் இல்லை. மைலேஜ் முன்பு எவ்வளவோ அதேதான். புகைச் சான்றிதழ் எடுக்கப் போனபோது கார்பன் மோனாக்சைடு 0.1-க்கும் கீழே காட்டியது. பாரத் ஸ்டேஜ் 2, 3 புகை விதிக் காலத்துப் பெட்ரோல் காருக்கு வரம்பு 0.5 சதவீதம். பெட்ரோலை அளந்து விடுவது, பிளக்கில் எப்போது பொறி விடுவது என்று கணக்குப் போடுவது, இந்த ரெண்டு பெரிய வேலையையும் வேறொரு வண்டியில் இருந்து வந்த பெட்டி குறையில்லாமல் செய்கிறது. அதில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

ஆனால் ஏ.சி.

சித்திரை வெயிலில் கோவை லட்சுமி மில்ஸ் சிக்னலில் நிற்கிறோம் என்று வையுங்கள். உள்ளே குளிர்ந்ததும் கம்ப்ரசர் தானாக விட்டுவிடும், கொஞ்ச நேரத்தில் மறுபடி பிடிக்கும். பிடிக்கிற அந்த நொடியில் 'டக்' என்று கிளட்ச் சத்தம். ஆர்பிஎம் முள் 800-லிருந்து 600-க்கும் கீழே சரியும். ஸ்டீயரிங் நடுங்கும், கியர் நாப் ஆடும், டாஷ்போர்டு மேல் இருக்கும் திருநீற்று டப்பி மூடி கிடுகிடுவென்று அடிக்கும். அப்புறம்தான் பெட்டிக்கு உறைக்கும், முள் 900-க்கு ஏறும். வண்டி அணைவதில்லை. அணையப் போகிறது என்று ஒவ்வொரு தடவையும் தோன்றும், அதுதான் வயிற்றெரிச்சல். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் வீட்டுக்காரி "என்னங்க, வண்டிக்கு என்னமோ ஆகுது" என்பாள். ஒண்ணும் ஆகவில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் என் வலது கால் தானாக ஆக்ஸிலேட்டரைத் தேடுகிறது.

இது எப்படி நடக்க வேண்டும் என்றால், ஏ.சி. வேண்டும் என்ற சிக்னல் நேராகக் கம்ப்ரசருக்குப் போகாது, ஈசிஎம்முக்கு வரும். ஈசிஎம் முதலில், ஆக்ஸிலேட்டர் மிதிக்காதபோது என்ஜினுக்குக் காற்று விடும் ஐடில் வால்வைக் கொஞ்சம் திறந்து காற்றைக் கூட்டி, என்ஜினைத் தயார் பண்ணிவிட்டு, அதன் பிறகே கம்ப்ரசர் ரிலேவை இழுக்கும். நடுவில் இருப்பது கண் மூடித் திறக்கும் நேரம்தான். வண்டியோடு வந்த சொந்தப் பெட்டி அதை ஒழுங்காகச் செய்தது, ஏ.சி. பிடித்ததே தெரியாது. இந்தப் பெட்டியில் அந்த வரிசை என் என்ஜினுக்குப் பொருந்தவில்லை. த்ராட்டில் பாடியைக் கழற்றிச் சுத்தம் பண்ணியாச்சு, ஐடில் வால்வு புதுசு போட்டாச்சு, என்ஜின் மவுண்ட் மாற்றியாச்சு, ஏ.சி. கேஸ் பிரஷரும் பார்த்தாச்சு. குலுக்கல் அப்படியே இருக்கிறது.

காரணம் லேபிளில் இருக்கிறது. ஈசிஎம் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் தயாரித்தவரின் நம்பர் ஒன்று, கார் கம்பெனியின் நம்பர் ஒன்று, ரெண்டு இருக்கும். போஷ் பெட்டி என்றால் 0 261 என்று தொடங்குவது பெட்ரோலுக்கு, 0 281 என்று தொடங்குவது டீசலுக்கு. வெளிக்கூடும் சாக்கெட்டும் ஒன்றாக இருந்தாலும் கடைசி எண்கள் மாறினால் உள்ளே இருக்கும் கணக்கு வேறாக இருக்கலாம். பவர் ஸ்டீயரிங் உள்ளது, இல்லாதது, ஏ.சி. உள்ளது, இல்லாதது என்று ஒரே மாடலிலேயே வேரியன்ட் உண்டு. கோவை உக்கடத்தில் பழைய சாமான் கடையில் எனக்குக் கிடைத்தது கடைசி ரெண்டு எண் மாறிய பெட்டி. "அது ஒண்ணும் பண்ணாதுங்ணா, வண்டி ஜம்முனு ஓடும்" என்றார் கடைக்காரர். வண்டி ஓடும் என்ற மட்டில் அவர் சொன்னது சரி. முழு நம்பரும் பொருந்திய பெட்டி அப்போது எங்கே தேடியும் சிக்கவில்லை, வண்டியை எத்தனை நாள் நிறுத்தி வைப்பது?

சொந்தப் பெட்டி போன கதை ஒரு வரிதான். முன் கண்ணாடி மாற்றிக் கொடுத்த இடத்தில் ஓரத்து சீலன்ட் சரியாகப் பூசவில்லை. மழைத் தண்ணீர் உள்பக்கமாகவே வழிந்து, டாஷ்போர்டுக்கு அடியில் இருந்த ஈசிஎம் சாக்கெட்டில் இறங்கிவிட்டது. திறந்து பார்த்தால் பின்னெல்லாம் பச்சைக் களிம்பு. பல அடுக்கு போர்டில் உள் அடுக்கு வரை அரித்துவிட்டதால் ரிப்பேருக்கு வழியில்லாமல் போனது.

இங்கே மாப்பிள்ளை மாதிரி ஆட்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வண்டி எடுக்கவில்லை என்றதும் ஈசிஎம் மேல் பழி போடுவது மெக்கானிக்குக் கைவந்த வழக்கமாகிவிட்டது. அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது. சாவியை ஆன் பண்ணினால் செக் என்ஜின் லைட் எரிகிறதா, பின்னால் பெட்ரோல் பம்ப் ரெண்டு நொடி 'ங்ஙீ' என்கிறதா? ரெண்டும் இல்லையென்றால் மெயின் ரிலே, பியூஸ், எர்த் வயர் மூன்றையும் முதலில் பாருங்கள். ஈசிஎம்மில் இருந்து சென்சார்களுக்கு 5 வோல்ட் போகும். ஏதாவது ஒரு சென்சார் ஷார்ட் ஆனாலும் அந்த 5 வோல்ட் மொத்தமாகப் படுத்துவிடும், ஈசிஎம்மே செத்த மாதிரி காட்டும். சென்சார் பிளக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, எதைக் கழற்றும்போது வோல்ட் திரும்புகிறது என்று பார்த்தால் குற்றவாளி பிடிபடும். இக்னிஷன் காயில் ஷார்ட் ஆகித்தான் ஈசிஎம் உள்ளே அந்தக் காயிலை இயக்கும் ட்ரான்சிஸ்டர் எரிந்தது என்றால், காயிலை மாற்றாமல் வேறு பெட்டி மாட்டினால் அதுவும் எரியும்.

இன்னொன்று, கோளாறைப் படிக்க மாட்டும் ஸ்கேனர் பேசவில்லை என்பதை வைத்து முடிவு கட்டக் கூடாது. நம் நாட்டில் ஓபிடி-2 என்ற, வண்டி தன் கோளாறைத் தானே சொல்லும் பொது முறை கட்டாயமானது 2013 ஏப்ரலில். அதற்கு முந்தைய வண்டிகளில் சாக்கெட் அதே 16 பின்னாக இருந்தாலும் ஆன்லைனில் வாங்கும் சின்ன ப்ளூடூத் ஸ்கேனர் பேசாமல் போவது சகஜம்.

சரி, பழைய பெட்டி வாங்கியாச்சு, மாட்டியாச்சு, உடனே ஓடுமா? ஓடாது. இம்மொபிலைசர் என்ற திருட்டுத் தடுப்பு விடாது. சாவித் தலைக்குள் பேட்டரி இல்லாத ஒரு குட்டிச் சிப் இருக்கிறது. சாவி போடும் துவாரத்தைச் சுற்றியிருக்கும் காயில் அதை எழுப்பி, அதன் ரகசிய எண்ணைப் படித்து, ஈசிஎம்மில் பதிந்திருப்பதோடு சரிபார்க்கும். வேறு வண்டியில் இருந்து வந்த பெட்டிக்கு நம் சாவி அந்நியம். என் வண்டி எடுத்ததும் ஒரு நொடி ஓடி அணைந்தது, மீட்டரில் சாவிப் படம் போட்ட லைட் மின்னிக்கொண்டே இருந்தது. இந்த இடத்தில்தான் கடைக்காரர் கைவிரித்தார், மெக்கானிக்கும் கைவிரித்தார்.

தீர்த்து வைத்தவர் கார் ஆளே இல்லை. பல்லடம் பக்கம் ஆட்டோ லூம் தறிகளின் கன்ட்ரோல் போர்டு ரிப்பேர் பண்ணும் தம்பி ஒருவர். தறி ஓடும் நம் ஊர்களில் இந்த மாதிரி கைகள் நிறைய உண்டு. ஒரு போர்டு படுத்தால் தறி நிற்கும், தறி நின்றால் கூலி நிற்கும், அதனால் ராத்திரியோடு ராத்திரியாகப் பார்த்துப் பழகியவர்கள். ரெண்டு பெட்டியையும் மேசையில் திறந்து வைத்து லென்ஸ் வழியாகப் பார்த்தார். "ஏனுங்ணா, உங்க போர்டுதான் போயிருக்குது, மெமரி சிப்புக்கு ஒண்ணும் ஆகுலீங்" என்றார். அரிசி மணியை விடக் கொஞ்சம் பெரிய, எட்டுக் கால் வைத்த ஈப்ராம்தான் அந்த மெமரி சிப். என் சாவியின் எண் பதிந்திருப்பது அதில்தான். ஃபிளக்ஸ் தடவி, சுற்றியிருந்த பாகங்கள் மேல் சூடு தாங்கும் டேப் ஒட்டி, ஹாட் ஏர் கன்னைச் சுற்றிச் சுற்றிக் காட்டினார். ஈயம் பளபளத்த நொடியில் இடுக்கியால் தூக்கினார். ரீடரில் போட்டு ரெண்டு தடவை படித்து, ரெண்டு ஃபைலும் ஒன்றேதானா என்று ஒப்பிட்டார். வந்த பெட்டியின் சிப்பையும் அப்படியே எடுத்துப் படித்து, ஃபைலைப் பத்திரப்படுத்திவிட்டுத்தான் என் சிப்பை அந்த போர்டில் உட்கார வைத்தார், மூலையில் இருக்கும் புள்ளி எந்தப் பக்கம் என்று மறுபடி பார்த்து. மாட்டினோம், சாவியைத் திருப்பினேன், சாவி லைட் அணைந்தது, என்ஜின் அணையாமல் ஓடியது. கூலி 2,000 கேட்டார், கொடுத்தேன். அந்த வேலைக்கு அது கம்மி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

பெட்டி 4,500. ஆக மொத்தம் 6,500 ரூபாயில் வண்டி ரோட்டுக்கு வந்துவிட்டது. புதுசுக்கு ஷோரூமில் விலையும் சொல்லவில்லை, எப்போது வரும் என்றும் சொல்லவில்லை. 15 வருஷம் முடிந்து ஆர்.சி. புதுப்பித்து ஓட்டும் வண்டிக்கு இதைவிட மலிவாக வேறு வழி கிடையாது. ஒழுகல் அடைத்து, பெட்டியையும் சாக்கெட்டையும் ஒரு சாண் மேலே தூக்கிக் கட்டியாச்சு.

இவ்வளவு சொன்ன பிறகும், பழைய ஈசிஎம் வாங்கலாமா என்று கேட்டால் வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன். காசும் மிச்சம், வண்டியும் ஓடுகிறது, நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு சிக்னலிலும் அந்த 'டக்'குக்காகக் காது காத்துக்கொண்டிருப்பது ஒரு சுகமில்லாத ஓட்டம். சொந்தப் பெட்டியில் உயிர் இருந்தால் அதை ரிப்பேர் பண்ணுங்கள். கருகிய ட்ரான்சிஸ்டரையும் உப்பிய கப்பாசிட்டரையும் மாற்றத் தெரிந்தவர்கள் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள். போர்டே அரித்துப்போய் வேறு வழியில்லை என்றால் மட்டும் பழசுக்குப் போங்கள், கடைசி எண் வரை பொருந்துவதாகப் பார்த்து, எந்த வண்டியில் இருந்து கழற்றியது என்று எழுதிய பில்லோடு.

மாப்ள, நீங்க இன்னும் யாருக்கும் அட்வான்ஸ் குடுக்காதீங்க. பேட்டரி மைனஸை முதல்ல கழட்டிட்டு, அப்பறமா ஈசிஎம் சாக்கெட்டை இழுங்க. பெட்டியை மேல் மூடி திறக்காம அப்படியே துணியில சுத்தி எடுத்துக்கிட்டு, ரெண்டு சாவியும் சேர்த்து, திங்கக்கிழமை பல்லடம் வந்துருங்க. நான் தம்பிகிட்ட சொல்லி வெச்சுட்டேன்.