தொட்டுப் பார்க்கவா, தள்ளி நின்று பார்க்கவா?

சுற்றுலா போன இடத்தில் யானை பார்க்க விரும்புகிறவருக்கு மூன்று வழிகள் உண்டு. முதுகில் ஏறிச் சவாரி போகலாம். ஆற்றில் இறங்கி அதைத் தேய்த்துக் குளிப்பாட்டலாம். அதுவும் வேண்டாம் என்றால், எட்ட இருந்து அது மேய்வதைப் பார்த்துவிட்டு வரலாம். முதலாவது கொடுமை, இரண்டாவது அன்பு, மூன்றாவது சலிப்பு என்றுதான் பலரும் கணக்குப் போடுகிறார்கள். சவாரி பற்றிய கணக்கு சரி. குளிப்பாட்டும் இடத்தில்தான் ஏமாந்துபோகிறார்கள்.

சவாரியைப் பற்றி நீட்டி முழக்கத் தேவையில்லை. 2016 ஏப்ரலில் கம்போடியாவின் அங்கோர் கோயில் வளாகத்தில் சாம்போ என்ற பெண் யானை, கொளுத்தும் வெயிலில் பயணிகளைச் சுமந்த பிறகு சாலையோரம் விழுந்து செத்தது. அந்த ஆண்டே டிரிப்அட்வைசர் என்ற பயண இணையதளம் சவாரிச் சீட்டு விற்பதை நிறுத்தப்போவதாக அறிவித்தது. அங்கோரிலும் பிறகு சவாரி முடிவுக்கு வந்தது.

சவாரியை எதிர்ப்பவர்கள் முதலில் சொல்வது முதுகெலும்பைப் பற்றி. என் கண்ணுக்கு அது அவ்வளவு வலுவான வாதம் இல்லை. சுமையோடு நடக்கும் யானையின் நடையை அளந்து பார்த்த தாய்லாந்து ஆய்வாளர்களுக்கு, அளவான எடையில் பெரிய மாற்றம் தெரியவில்லை. நாள் முழுக்க வெயில், அம்பாரியின் கயிறு உராய்ந்த புண், சிமெண்ட் தரை, இரவெல்லாம் சங்கிலி, இவைதான் யானையை உருக்குலைக்கின்றன. இதற்கெல்லாம் முன்பே பெரிய கொடுமை ஒன்று நடந்து முடிந்திருக்கும். குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து, திரும்பக்கூட முடியாத மரக்கூண்டில் கட்டிப்போட்டு, அடியும் பசியுமாக அதன் பிடிவாதத்தை ஒடிப்பார்கள். தாய்லாந்தில் இதற்கு ‘பாஜான்’ என்று பெயர்.

சரி, சவாரி வேண்டாம், குளிப்பாட்டலாம் என்று வருகிறவர் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். முன்பின் தெரியாத பத்துப் பேர் சுற்றி நின்று, காதைப் பிடித்து, வயிற்றைத் தேய்த்து, செல்ஃபி எடுக்கும்வரை ஒரு யானை அசையாமல் நிற்கிறது என்றால், அதுவும் அதே பயிற்சியின் பலன்தான். அங்குசம் கண்ணில் படாது. சில இடங்களில் பாகனின் விரலிடுக்கில் ஒரு ஆணி இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். வாசல் பலகையில் ‘சரணாலயம்’ என்று எழுத யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை என்பதையும் மறக்கக் கூடாது.

குளித்து முடித்துக் கரையேறும் யானையைக் கவனித்துப் பாருங்கள். அதன் போக்கில் விட்டால், ஈரம் காய்வதற்குள் தும்பிக்கையில் மண்ணை அள்ளி முதுகில் போட்டுக்கொள்ளும். வெயிலுக்கும் பூச்சிக்கும் அதுதான் அதன் மருந்து. அடுத்த கூட்டம் காத்திருக்கும் இடத்தில் அந்த மண்ணை மறுபடி தேய்த்துக் கழுவிவிடுவார்கள், ஒரே நாளில் பல தடவை. இப்படிக் குளிப்பது யானையின் தேவையா, சீட்டு வாங்கியவரின் தேவையா?

ஆபத்தும் குறைவு இல்லை. 2025 ஜனவரியில் தாய்லாந்தின் கோ யாவ் தீவில், யானையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த ஸ்பெயின் நாட்டு மாணவி ஒருவர் அந்த யானை தாக்கி இறந்தார்.

மூன்றாவது வழிக்கு வருவோம். இலங்கையிலேயே இரண்டு இடங்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம். இரண்டுமே அனாதைக் குட்டிகளுக்காகத் தொடங்கியவை, இரண்டும் அரசு நடத்துபவை. பின்னவல 1975-இல் தொடங்கியது. அங்கே மந்தை கடைத்தெரு வழியாக நடந்து மகா ஓயா ஆற்றுக்குப் போகும். இருபுறமும் கூட்டம் அலைமோதும். பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் வந்த குட்டிகள் அங்கேயே வளர்ந்து, குட்டி போட்டு, அங்கேயே இருந்துவிடுகின்றன. 1995-இல் தொடங்கிய உடவளவை இல்லம் வேறு கொள்கை உடையது. பால் கொடுக்கும் நேரத்தில் மட்டும் பார்வையாளர்கள் தள்ளிப் போட்ட மேடையிலிருந்து பார்க்கலாம். குட்டிகள் ஓடி வரும், புனல் வைத்த குழாயில் பாலை உறிஞ்சும், வந்த வழியே போய்விடும். தொட முடியாது, தடவ முடியாது. மனிதரிடம் ஒட்டிக்கொள்ளாமல் வளர்ந்தால்தானே காட்டில் பிழைக்கும்? 1998-இலிருந்து அங்கு வளர்ந்தவற்றைக் காட்டில் விட்டுவருகிறார்கள்.

கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடுகிறதே என்று உடவளவையைக் குறை சொல்கிறவர்கள் உண்டு. யானைக்கு அதுவே நல்லது, நான் உடவளவைப் பக்கம்தான்.

வளர்ந்து, பழக்கப்பட்டுவிட்ட யானைகளின் கதை வேறு. அவற்றை அப்படியே காட்டில் விட முடியாது. 1989-இல் தாய்லாந்து காட்டில் மரம் வெட்டத் தடை விதித்தபோது, மரம் இழுத்த யானைகளும் பாகன்களும் ஒரே நாளில் வேலை இழந்தார்கள். சுற்றுலாதான் பிறகு சோறு போட்டது. 2020-இல் கொரோனாவில் பயணிகள் நின்றுபோக, முகாம்களில் தீனிக்கு வழியில்லாமல் யானைகளைப் பாகன்கள் கிராமங்களுக்கு நடத்தியே கூட்டிப் போனார்கள். ஒரு யானை நாளைக்கு 150 கிலோவுக்குக் குறையாமல் தின்னும். ஆகவே ‘யாரும் போகாதீர்கள்’ என்பது கேட்க நன்றாக இருக்கும், வயிற்றை நிரப்பாது. சியாங் மாய் அருகே இருக்கும் சாங்சில் முகாம் இன்னொரு வழியைக் காட்டியது. முன்பு சவாரி விட்ட அதே இடம், 2019-இல் தள்ளி நின்று பார்ப்பதற்கு மட்டும் என்று மாறியது. யானைகளும் பாகன்களும் அங்கேயேதான் இருக்கிறார்கள். சீட்டுப் பணம் இப்போது தொடாமல் இருப்பதற்கு வருகிறது.

காட்டுக்குள் ஜீப்பில் போய்ப் பார்ப்பதை நாலாவது வழியாகச் சேர்க்கலாம். யானைக்குச் சங்கிலி இல்லை. ஆனால் ஒரே மந்தையை இருபது ஜீப்புகள் வளைத்துக்கொண்டால் அதுவும் துன்புறுத்தல்தான். ஓட்டுநரிடம் ‘தூரமாகவே நிறுத்துங்கள்’ என்று சொல்லி வையுங்கள்.

முகாமைத் தேர்ந்தெடுக்கும்போது நான் பார்ப்பது இரண்டு. ஒன்று, குட்டி. எந்தப் பருவத்தில் போனாலும் புதுக் குட்டி காட்டுகிறார்கள் என்றால் கூட்டத்துக்காகத்தான் பெருக்குகிறார்கள். இன்னொன்று, நின்ற இடத்தில் தலையை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டே இருக்கும் யானை. ‘பாட்டுக்கு ஆடுது’ என்று வழிகாட்டி சிரித்துக்கொண்டே சொல்வார். பாட்டை நிறுத்தச் சொல்லிப் பாருங்கள், ஆட்டம் நிற்காது. அது ஆட்டம் இல்லை, மன உளைச்சல்.