சிப்பா மூலம் பாக்கி வசூல்: ஒரு சப்கானின் அனுபவம்

என் அண்ணன் செந்தூலில் வயரிங் சப்கான், அதாவது துணை ஒப்பந்ததாரர். சைட் அவர் பொறுப்பு. கிளேம், பில், வங்கி எல்லாம் என் பொறுப்பு. 2021ல் கோலாலம்பூரில் ஒரு 14 மாடி அடுக்ககத்துக்கு வயரிங் எடுத்தோம். 2023 நடுவில் வேலை முடிந்து, வீடு வாங்கியவர்களுக்குச் சாவியும் கொடுத்துவிட்டார்கள். எங்களுக்கு மட்டும் 186,400 வெள்ளி (ரிங்கிட்) நின்றுபோனது. கடைசி இரண்டு கிளேம் 97,600, பிடித்து வைத்த ரிடென்ஷனில் முதல் பாதி 28,300, கூடுதல் வேலைகளுக்கான வி.ஓ. 60,500. எங்களுக்கு வேலை கொடுத்த மெயின்கான் (தலைமை ஒப்பந்ததாரர்) அலுவலகத்துக்கு எத்தனை முறை போனாலும் ஒரே பதில்தான்: "கிளையண்ட் பணம் இன்னும் வரலம்மா. வந்ததும் முதல்ல உங்களுக்குத்தான்."

ஒப்பந்தத்திலும் அப்படித்தான் எழுதியிருந்தது, அவர்களுக்கு வந்தால்தான் எங்களுக்கு என்று. அதனால் எதுவும் செய்ய முடியாது என்றே நம்பிக்கொண்டிருந்தோம். பிரிக்ஃபீல்ட்ஸில் ஓய்வுபெற்ற கியூ.எஸ். (கட்டுமான அளவு, செலவுக் கணக்கு பார்ப்பவர்) ஒருவர், குடும்ப நண்பர், பேப்பரைப் பார்த்துவிட்டு அந்த வரியில் விரல் வைத்தார். "இது செல்லாதும்மா. சிப்பா சட்டம் 35ஆம் பிரிவைப் படி."

சிப்பா என்பது கட்டுமானத் துறையில் பணம் கொடுப்பது பற்றிய 2012ஆம் ஆண்டுச் சட்டம். 2014 ஏப்ரல் 15 முதல் நடப்பில் இருக்கிறது. அதன்படி நடக்கும் அட்ஜுடிகேஷனுக்கு, அதாவது நீதிமன்றம் போகாமல் ஒரு நடுவர் தீர்த்துவைக்கும் முறைக்கு, நாங்கள் போனது ஏ.ஐ.ஏ.சி. (ஆசிய அனைத்துலக நடுவர் தீர்ப்பு மையம்) வழியாக. பழைய ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், ஜாலான் சுல்தான் ஹிஷாமுடினில், சுலைமான் கட்டடத்தில் அந்த மையம் இருந்தது. வழக்கறிஞர் கட்டாயமில்லை. நாங்கள் அந்த கியூ.எஸ்.ஸையே பிரதிநிதியாக வைத்துக்கொண்டோம்.

முதல் படி பேமென்ட் கிளேம். கடன் கேட்டு எழுதும் சாதாரணக் கடிதம் போதாது. எவ்வளவு, எந்தத் தேதியில் வர வேண்டியது, என்ன வேலை, ஒப்பந்தத்தின் எந்த விதிப்படி, அப்புறம் இது இந்தச் சட்டத்தின் கீழ் கேட்கப்படுகிறது என்ற வாக்கியம், எல்லாம் இருக்க வேண்டும். நவம்பர் தொடக்கத்தில் அனுப்பினோம். பதில் தர அவர்களுக்குப் பத்து வேலை நாள். ஒரு வரிகூட வரவில்லை. ஒத்துக்கொண்டார்கள் போல என்று அண்ணன் சந்தோஷப்பட்டார். ஆனால் இந்தச் சட்டத்தில், பதில் வராவிட்டால் முழுத் தொகையையும் மறுத்ததாகத்தான் கணக்கு. உடனே அட்ஜுடிகேஷன் கேட்டு அடுத்த நோட்டீஸ் கொடுத்தோம். நடுவர் யார் என்பதில் இரண்டு தரப்பும் ஒத்துப்போகாததால் மையத்தின் இயக்குநரே நியமித்தார்.

அதன்பின் எல்லாமே நாள் கணக்குதான். எங்கள் மனுவுக்குப் பத்து வேலை நாள், அவர்கள் பதிலுக்குப் பத்து, எங்கள் மறுமொழிக்கு ஐந்து, அதிலிருந்து 45 வேலை நாளுக்குள் நடுவர் முடிவு. இரு தரப்பும் சம்மதித்து நீட்டித்தால் ஒழிய, அந்தக் கெடு தாண்டிய முடிவு செல்லாது. வேலை நாள் என்பதை மறந்துவிட வேண்டாம். தைப்பூசம், சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள் எல்லாம் நடுவில் வந்ததால் முடிவு கைக்கு வரும்போது 2024 மே. இருந்தாலும் ஒரு விசாரணைத் தேதிக்காக ஆண்டுக்கணக்கில் அலைந்தவர்களை எனக்குத் தெரியும். அதோடு பார்த்தால் இது வேகம்.

கிடைத்தது 164,100 வெள்ளி, அதோடு வட்டியும் செலவும். தள்ளுபடியான 22,300 முழுக்க வி.ஓ. கார் பார்க்கிங்கில் கூடுதல் விளக்கு பாயின்ட், மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிபி பெட்டியை இடம் மாற்றியது. வேலை அங்கே கண்முன்னே நிற்கிறது. ஆனால் செய்யச் சொன்னது சைட் சூப்பர்வைசரின் வாய் மட்டும்தான், அவரும் பாதியில் வேலையை விட்டுப் போய்விட்டார். மற்ற வி.ஓ.க்களுக்கு வாட்ஸ்அப் செய்தி, படம், தேதி இருந்தது. நடுவர் அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து ஏற்றுக்கொண்டார். அந்த 22,300க்காக எனக்கு இன்னும் மனசு வலிக்கிறது. நான்கு பேர் இரண்டு வாரம் இரவு வரை நின்று செய்த வேலை. இப்போது அண்ணன் பையில் கார்பன் வைத்த புத்தகம் ஒன்று இருக்கிறது. கையெழுத்து வாங்காமல் யாரும் ட்ரில்லைத் தொடக்கூடாது.

கட்டணத்தையும் சொல்லிவிடுகிறேன். நடுவர் கட்டணத்துக்கு இரு தரப்பும் சரிபாதி முன்பணம் கட்ட வேண்டும். அவர்கள் கட்டவில்லை. முழுக் கட்டணமும் வந்தால்தான் நடுவர் முடிவை வெளியிடுவார், அதனால் அவர்கள் பங்கையும் நாங்களே கட்டினோம். அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போனது. செலவுத் தொகையோடு பிறகு திரும்பி வந்தது என்றாலும், கையில் காசு இல்லாதவரிடம்தான் இது முதலில் காசு கேட்கிறது. இதற்காகவே சிப்பாவுக்கு நான் கொடுக்கும் மதிப்பெண் ஐந்துக்கு நான்குதான்.

எல்லாருக்கும் இது பொருந்தாது. ஒருவர் தானே குடியிருக்கக் கட்டும், நான்கு மாடிக்குக் குறைந்த வீட்டுக்குச் சிப்பா கிடையாது. கிள்ளானில் வீட்டுக்காரர் தானே குடியிருக்கக் கட்டும் பங்களாவுக்கு வேலை செய்து பாக்கி நிற்பவர்கள் வேறு வழிதான் பார்க்க வேண்டும். எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் கதவு திறக்காது.

முடிவு வந்தும் மெயின்கான் அசையவில்லை. உயர் நீதிமன்றத்தில் அமலாக்கக் கேட்கலாம், வேலையை நிறுத்தலாம். எங்களுக்குத்தான் நிறுத்த வேலையே மிச்சமில்லையே. கியூ.எஸ். 30ஆம் பிரிவைக் காட்டினார். மெயின்கானுக்குக் கிளையண்ட் இன்னும் பணம் தர வேண்டியிருந்தால், அந்தக் கிளையண்டிடமே நேராகக் கேட்கலாம். எழுதிப் போட்டோம். எங்களுக்குப் பணம் கொடுத்ததற்கான ஆதாரத்தைப் பத்து வேலை நாளுக்குள் காட்டச் சொல்லி மெயின்கானுக்குக் கிளையண்ட் நோட்டீஸ் அனுப்பினார். ஆதாரம் வரவில்லை. ஜூலையில் கிளையண்டின் கணக்கிலிருந்தே பணம் வந்து விழுந்தது. அன்று மத்தியானமே கேபிள் கடைக்குப் போய்ப் பழைய பாக்கியை முழுவதும் கட்டினோம். கடைக்காரர் ரசீது எழுதிக்கொண்டே, "இத்தனை நாள் உங்க அண்ணன் என் கண்ணுல படாமலே சுத்திக்கிட்டிருந்தாரும்மா" என்றார். அண்ணன் பக்கத்தில்தான் நின்றார்.