டெக்கரேட்டரும் நானும்: ‘ரேப்பர்’ என்ற ஒரு பெயரால் பட்ட பாடு

எங்கள் ஆலையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி ஒருவர், “அண்ணே, டெக்கரேட்டர் எழுதக் கத்துக்கணுமா, இல்ல மத்தவங்க எழுதினத மேல ஒட்டிக்கிட்டாப் போதுமா?” என்று வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தார். பைத்தான் நிரல்மொழியில் ஒரு ஃபங்ஷனின் (பெயரிட்ட சிறு நிரல்துண்டின்) மேல் ஒரு வரியாக ஒட்டி, அதன் வேலையோடு கூடுதல் வேலையைச் சேர்ப்பதுதான் டெக்கரேட்டர். கேள்வி வந்த நேரம் சரியில்லை. நான் எழுதிய டெக்கரேட்டர் ஒன்றால் ஓர் இரவு ஷிஃப்ட் வீணாகி, அதைச் சரிசெய்துவிட்டுப் பினாங்குத் தீவின் பாயான் லெப்பாசிலிருந்து பாலத்தைக் கடந்து பட்டர்வொர்த் வீட்டுக்கு அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தேன். அன்றே பதில் எழுதியிருந்தால் ‘வேண்டாம்’ என்ற ஒரே சொல்லோடு முடித்திருப்பேன். ஒரு வாரம் ஆறப்போட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். கோபம் முழுவதும் தணிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

மின்னணுச் சில்லுகளை (சிப்) சோதிக்கும் கருவிகளை இயக்குவதற்கான நிரல்களை 2016 முதல் பைத்தானில் எழுதி வருகிறேன். டெக்கரேட்டர் ஒரு ஃபங்ஷனை வாங்கி, அதைச் சுற்றி இன்னொன்றைக் கட்டி, பழைய பெயரிலேயே திருப்பித் தரும் என்பது இதை வாசிப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும். 2004 நவம்பரில் பைத்தானின் 2.4 பதிப்பு வரும்வரை, ஃபங்ஷனை எழுதி முடித்த பிறகு அதன் அடியில் ஒரு வரி சேர்த்துத்தான் இதைச் செய்ய முடிந்தது. நூறு வரி நீளமுள்ள ஃபங்ஷனின் கால்மாட்டில் கிடந்த அந்த வரியை யார் கவனிப்பார்கள்? ‘அட்’ (@) குறி அதைத் தலைமாட்டுக்குக் கொண்டுவந்தது. தலைமாட்டில் இருந்தாலும் அதைக் கண் தாண்டித்தான் போகிறது என்பது என் அனுபவம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். சோதனைக் கருவிகள் சில நேரம் பதில் சொல்லாது. கேபிள் தளர்ந்திருக்கலாம், நெட்வொர்க் தடுமாறியிருக்கலாம். இரண்டாம் முறை கேட்டால் சொல்லிவிடும். இதற்காக ஒவ்வொரு ஃபங்ஷனுக்குள்ளும் எட்டு வரி லூப் எழுதிக்கொண்டிருந்த எனக்கு, ‘ரீட்ரை’ என்ற டெக்கரேட்டரை ஒருமுறை எழுதி, வேண்டிய இடத்திலெல்லாம் ஒரே வரியில் வைக்க முடிந்தது பெரிய விடுதலை. லாக் (நடந்ததைக் குறித்துவைக்கும் பதிவு) எழுதுவதும் நேரம் அளப்பதும் அப்படியே வெளியேறிப்போக, ஃபங்ஷனுக்குள் அதன் சொந்த வேலை மட்டுமே மிஞ்சியது. 3.2 பதிப்போடு வந்த, ஒருமுறை கிடைத்த விடையை நினைவில் வைத்துக்கொள்ளும் ‘எல்ஆர்யூ கேஷ்’ என்ற டெக்கரேட்டர் இன்னொரு வரம்: முறைப்படுத்தல் (கேலிப்ரேஷன்) கோப்பை ஒவ்வொரு சில்லுக்கும் நெட்வொர்க்கிலிருந்து திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்த நிரல், அந்த ஒரு வரிக்குப் பிறகு ஒரே முறை வாசித்தது. (கருவியை மறுபடி முறைப்படுத்திய பின்னும் பழைய எண்களையே பிடித்துக்கொண்டிருந்தது என்பது தனிக்கதை. கேஷைக் காலிசெய்ய மறந்தது நான்தான். அதை அதன்மேல் சுமத்துவது நியாயமாகாது.)

இத்தனை ஆண்டுகளாக என்னை அரிப்பது ஒரு பெயர்தான். டெக்கரேட்டருக்குள்ளே எழுதும் ஃபங்ஷனுக்கு எல்லாரும் ‘ரேப்பர்’ (சுற்றும் உறை) என்றே பெயர் வைக்கிறோம். நானும் அப்படித்தான். பைத்தானோடு வரும் ஃபங்க்டூல்ஸ் தொகுப்பில் உள்ள ‘ராப்ஸ்’ என்பதைச் சேர்க்க மறந்தால், அசல் ஃபங்ஷனின் பெயரும் விளக்கவுரையும் போய், நிரலில் பாதி ‘ரேப்பர்’ ஆகிவிடும். தொடக்கத்தில் எங்கள் பிரிவின் நிலவரப் பக்கத்தை ஃபிளாஸ்கில் (வலைத்தளம் கட்ட உதவும் பைத்தான் கருவி) எழுதியபோது, இரண்டு பக்கங்களுக்கு என் டெக்கரேட்டரைப் போட்டதும் அது எழ மறுத்தது. ஃபிளாஸ்க் ஃபங்ஷனின் பெயரைக் கொண்டே பக்கத்தை அடையாளம் காண்கிறது. இரண்டுமே ‘ரேப்பர்’ என்று வந்து நின்றால் அது என்ன செய்யும்? அன்றிலிருந்து ‘ராப்ஸ்’ இல்லாமல் நான் எழுதுவதில்லை.

எழுதியும் பயன் முழுமையில்லை என்பதுதான் எரிச்சல். ‘ராப்ஸ்’ ஃபங்ஷனின் மேல் ஒட்டியிருக்கும் பெயர்ச்சீட்டை மட்டுமே மாற்றுகிறது. உள்ளிருக்கும் கோட் ஆப்ஜெக்டை (பைத்தான் உண்மையில் ஓட்டும் நிரல் பகுதியை) தொடுவதில்லை. பிழை வந்து டிரேஸ்பேக் (எந்தெந்த ஃபங்ஷன் வழியாகப் பிழை வந்தது என்ற பட்டியல்) நீளும்போது பைத்தான் காட்டுவது கோட் ஆப்ஜெக்டின் பெயரை. ஆகவே மூன்று டெக்கரேட்டர்கள் அடுக்கிய ஃபங்ஷனில் பிழை வந்தால், ரேப்பர், ரேப்பர், ரேப்பர் என்று மூன்று படி இறங்கிய பிறகே உண்மையான பெயர் கண்ணில் படுகிறது. எந்த ஃபங்ஷன் எவ்வளவு நேரம் எடுத்தது என்று அளக்கும் சிபுரொஃபைலில் நிலைமை இன்னும் மோசம்: ஒரே டெக்கரேட்டரிலிருந்து பிறந்த ரேப்பர்கள் எல்லாம் ஒரே கோட் ஆப்ஜெக்டைப் பகிர்வதால், நாற்பது ஃபங்ஷன்களின் அழைப்புகள் ஒரே வரியில் கூட்டி எழுதப்படுகின்றன. எந்த ஃபங்ஷனின் ரீட்ரை நேரத்தைத் தின்கிறது என்பதை அந்த வரியிலிருந்து பிரித்தெடுக்க முடியாது.

இனி அந்த இரவுக்கு வருகிறேன். சாக்கெட்டில் சில்லு சரியாக அமர்ந்திருக்கிறதா என்று பார்த்து, ஆம் அல்லது இல்லை என்று சொல்லும் ஒரு சிறிய ஃபங்ஷன். அதன்மேல் ‘ரீட்ரை’ போட்டேன். எத்தனை முறை என்பதற்கு ஏற்கெனவே மூன்று என்று வைத்திருந்ததால், அடைப்புக்குறியைப் போடாமல் வெறும் பெயரை மட்டும் எழுதிவிட்டேன். பைத்தான் எதுவும் சொல்லவில்லை. அடைப்புக்குறி இல்லாததால் என் ஃபங்ஷன் ‘எத்தனை முறை’ என்ற இடத்தில் போய் உட்கார்ந்தது. எண்ணிக்கையை வாங்கும் வெளி அடுக்கு, ஃபங்ஷனை வாங்கும் நடு அடுக்கு, உள்ளே ரேப்பர் என்று ‘ரீட்ரை’க்கு மூன்று அடுக்கு. என் ஃபங்ஷனின் பெயரில் இப்போது இருந்தது நடு அடுக்கு. அதை ஐந்தாம் சாக்கெட்டுக்கு அழைத்தால், ஐந்து என்ற எண்ணையே ஒரு ஃபங்ஷன் என்று நம்பி, அதைச் சுற்றி ஒரு ரேப்பரைக் கட்டித் திருப்பித் தந்தது. ‘ராப்ஸ்’ கூட மறுக்கவில்லை. எண்ணுக்குப் பெயர் இல்லை என்று பேசாமல் தாண்டிப்போய், முழு எண் வகையின் விளக்கவுரையை மட்டும் நகலெடுத்து ஒட்டியது. பைத்தானில் எந்த ஃபங்ஷனும் நிபந்தனையில் ‘உண்மை’ என்றே கொள்ளப்படும். அதனால் சாக்கெட் அழுக்காக இருந்தாலும் ‘தொடர்பு சரி’ என்றே முடிவு வந்தது. நிறுத்தித் துடைக்க வேண்டிய சாக்கெட் ஓடிக்கொண்டே இருந்து, நல்ல சில்லுகளைப் பழுது என்று ஒதுக்கியது.

அதைப் பிடித்தது நிரல் அன்று, இரவு ஷிஃப்டில் இருந்த ஓர் அக்கா. “தம்பி, அஞ்சாவது சாக்கெட் மட்டும் ஏன் இவ்வளவு கழிக்குது?” என்று அழைத்துக் கேட்டார். லாக்கைத் திறந்தபோது, ஆம் இல்லை என்று இருக்க வேண்டிய பத்தியில் வரிசையாக ‘ரேப்பர்’, ‘ரேப்பர்’ என்று, ஒவ்வொன்றோடும் ஒரு நினைவக முகவரி. எனக்குப் பிடிக்காத அந்தப் பெயர் அன்று மட்டும் உண்மையைச் சொன்னது. அதற்காக அதன்மேல் எனக்கு அன்பு ஒன்றும் வந்துவிடவில்லை.

சரிசெய்ய ஆனது ஓரிரு குறிகள்தான். ‘ரீட்ரை’யின் வரையறையில் அடைப்புக்குறிக்குள் முதலில் ஒரு நட்சத்திரக் குறியைப் போட்டு, எத்தனை முறை என்பதைப் பெயர் சொல்லியே தர வேண்டும் என்று ஆக்கினேன். டெக்கரேட்டர் ஃபங்ஷன் வரையறுக்கப்படும்போதே ஓடிவிடும் என்பதால், இப்போது அடைப்புக்குறியை மறந்தால் முதல் சில்லு உள்ளே போகும் முன்னரே, நிரல் ஏறும்போதே பிழை விழுகிறது. வரையறுக்கும் நேரத்தில் ஓடும் இந்தக் குணம் அதன் ஆகச் சிறந்த பண்பு. இத்தனை ஆண்டு அது கையில் இருந்தும் நான் பயன்படுத்தவில்லை.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு இரண்டு. மேலே இவ்வளவு புகழ்ந்துவிட்டு இரண்டா என்று கேட்பீர்கள். எட்டு வரி லூப்பைத் திரும்ப எழுதச் சொன்னால் நான் வேலையை விட்டுவிடுவேன் என்பதும் உண்மை. ஆனாலும் இன்றைக்கு இரண்டுதான்.

தம்பிக்கு, “முதல் ஆறு மாதம் எழுதாதே, பயன்படுத்து” என்று பதில் அனுப்பினேன். அவர் கேட்கவில்லை. நேற்று தம் முதல் டெக்கரேட்டரை எழுதிப் பார்வைக்கு அனுப்பியிருந்தார். ‘ராப்ஸ்’ இருந்தது, உள் ஃபங்ஷனுக்கு ‘ரேப்பர்’ என்றில்லாமல் வேலையைச் சொல்லும் பெயரும் இருந்தது. நட்சத்திரக் குறி மட்டும் இல்லை. திருப்பி அனுப்பியிருக்கிறேன்.